ஐவன் பீரிஸ் (1921–1988)

மாணவர்களே, கசூரினாக் கடற்கரைக்குப் போய் வந்த பல நாட்களின் பின் அதை வீட்டிலிருந்து வரைந்தால், உங்கள் படத்தில் எவை மிஞ்சும்? இக்கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு இவ்வோவியரைப் பற்றிப் படியுங்கள்.

வாழ்க்கை

ஐவன் பீரிஸ் 1921 இல் கொழும்பை அடுத்த தெஹிவளையில் பிறந்தார். திரைப்பட நெறியாளர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் இவரது தமையனார். ஓவியர் ஹரி பீரிஸிடம் சித்திரம் பயின்றார். காட்சியை உள்ளவாறே பிரதிசெய்யும் முறையில் திருப்தியடையாத ஓவியர்கள் 1943 இல் '43 குழு'வை அமைத்தனர். அதன் ஆரம்ப உறுப்பினர்களில் இவரும் ஒருவர். 1946 இல் மேற்படிப்புக்காக இலண்டன் சென்றார். நாடு திரும்பிச் சில ஆண்டுகள் வாழ்ந்தபின், 1950களில் மீண்டும் இங்கிலாந்து சென்று அங்கேயே குடியேறினார். 1988 இல் அங்கு காலமானார்.

இயற்கையை அணுகிய விதம்

இங்கிலாந்தில் அவர் வாழ்ந்த சவுத்எண்டும் ஒரு கடலோர நகரமே. எனினும் அவர் திரும்பத் திரும்ப வரைந்தது தாம் பிறந்த நாட்டின் கடற்கரையையே. காட்சி கண்முன் இல்லை. நினைவில் மட்டுமே இருந்தது. ஆகவே சிறு விபரங்கள் நீங்கின. கிடையாக நீளும் கடலும் அடிவானமும், நிலைக்குத்தாக எழும் மரங்களும், அசைவின்றி நிற்கும் ஓரிரு மனித உருவங்களும் எஞ்சின. அமைதியும் தனிமையும் அப்படங்களில் புலப்படுவதற்கு இவ்வெளிமையே காரணம்.

கவனிக்க

விடையில் 'கடற்கரையை வரைந்தார்' என்பதோடு நிறுத்தாதீர்கள். நினைவிலிருந்து வரைந்தமையால் உருவங்கள் எளிமையாயின என்ற காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். ஊரைப் பிரிந்த உறவினர் உங்கள் வீட்டிலும் இருப்பர். அவர்களை நினைத்தால் இது எளிதில் விளங்கும்.