புரூக்ளினின் 42

நம் சங்க மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, நான் இயற்பியல் மாணவன் ஆகையால் சி. வி. ராமனைப் பற்றியோ சந்திரசேகரைப் பற்றியோ எழுதுவேன் என்றுதான் அவர் எதிர்பார்த்திருப்பார். நான் ஒரு பேஸ்பால் ஆட்டக்காரரைப் பற்றி எழுதப்போகிறேன். விடுதியில் என் பக்கத்து அறைகளில் இருப்பவர்களுக்கு இதில் வியப்பு இராது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் மாலை ஏழு மணிக்கு மேல் தொடங்கும் ஆட்டம் நமக்கு மறுநாள் காலை ஏழரைக்கு மேல் வரும். ஒரு கையில் பராத்தாவும் மறு கையில் கைபேசியுமாக உணவுக்கூடத்தின் மூலையில் உட்கார்ந்து, காரணம் தெரியாமல் முகம் வாடியும் மலர்ந்தும் இருப்பவன் நானே.

லாஸ் ஏஞ்சலிஸில் வேலை பார்க்கும் என் பெரியப்பா மகன் மூட்டிவிட்ட தீ இது. 2021 ஆம் ஆண்டு அது என்னை முற்றும் பற்றிக்கொண்டது. பேஸ்பாலில் ஓர் அணி ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. ஏப்ரலில் தொடங்கிச் செப்டம்பர் முடியும்வரை அநேகமாக நாள்தோறும் ஆட்டம்தான். அவ்வாண்டு எங்கள் டாட்ஜர்ஸ் அணியும் சான்பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் அணியும் கடைசி நாளான அக்டோபர் 3 வரை முதலிடத்துக்கு முட்டிமோதின. முடிவில் ஜயண்ட்ஸ் 107 வெற்றி, டாட்ஜர்ஸ் 106. நமக்கு அப்போது நள்ளிரவு கடந்த நேரம். ஜயண்ட்ஸ் வென்றுவிடும் என்று தெரிந்த கணமே நான் கைபேசியை அணைத்துவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். (அதே மாதம் 14 ஆம் நாள், வெளியேற்றும் சுற்றில் ஜயண்ட்ஸை நாங்கள் தோற்கடித்தோம் என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.)

இவ்விரு அணிகளுக்கும் ஏன் இத்தனை பகை என்று ஆராயப் புகுந்தபோதுதான் அதே அக்டோபர் 3 ஆம் நாள், சரியாக எழுபது ஆண்டுகளுக்கு முன்பு நடந்த ஓர் ஆட்டம் கண்ணில் பட்டது. அந்த ஆட்டத்தின் வழியாகத்தான் ஜாக்கி ராபின்ஸன் எனக்கு அறிமுகமானார்.

அவர் 1919 ஜனவரி 31 ஆம் நாள், ஜார்ஜியா மாநிலத்தில் கெய்ரோ என்ற சிற்றூரின் அருகே பிறந்தார். கறுப்பர் குடும்பம். தந்தை பிறர் நிலத்தை வாரத்துக்கு உழுதவர். மறு ஆண்டே அவர் வீட்டை விட்டுப் போய்விட, தாய் மாலி ஐந்து குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு கண்டத்தின் மறுகோடியிலுள்ள கலிபோர்னியாவுக்கு ரெயில் ஏறினார். பாசடீனா நகரில் வீட்டுவேலை செய்து அவர்களை வளர்த்தார். மூத்த மகன்களில் ஒருவரான மாக், 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஓட்டத்தில் ஜெஸ்ஸி ஓவன்ஸுக்கு அடுத்தபடி வந்து வெள்ளிப் பதக்கம் பெற்றவர். ஊர் திரும்பிய அவருக்குக் கிடைத்த வேலை தெருக்கூட்டுவது. தம்பி ஜாக்கி இதைப் பார்த்துக்கொண்டு வளர்ந்தார்.

லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகத்தில் அவர் நான்கு விளையாட்டுகளில் தேர்ச்சிச் சின்னம் பெற்றார். அங்கே அப்படிப் பெற்ற முதல் மாணவர் அவரே. பட்டம் பெறாமலே படிப்பை விட்டுவிட்டு, போர்க்காலத்தில் இராணுவத்தில் சேர்ந்து லெப்டினன்ட் ஆனார். 1944 ஜூலையில், டெக்ஸஸில் ஓர் இராணுவப் பேருந்தின் ஓட்டுநர் அவரைப் பின் இருக்கைக்குப் போகச் சொல்ல, அவர் மறுத்தார். ரோஸா பார்க்ஸ் எழ மறுத்ததற்குப் பதினோர் ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது இது. இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டுக் குற்றமற்றவர் என்று விடுதலையானார்.

அந்நாளில் பேஸ்பாலின் பெரிய லீகுகளில் கறுப்பருக்கு இடமில்லை. சட்டப் புத்தகத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொட்டு எந்த அணியும் ஒரு கறுப்பரையும் சேர்க்கவில்லை. அவர்களுக்கெனத் தனி லீகுகள் இருந்தன. அங்கே ஆடிக்கொண்டிருந்த ராபின்ஸனை, புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி 1945 ஆகஸ்ட் 28 அன்று அழைத்துப் பேசினார். வசை வரும், பந்து தலைக்குக் குறிவைக்கப்படும், திருப்பி அடிக்கக் கூடாது என்பது நிபந்தனை. பேருந்து இருக்கைக்கே விட்டுக்கொடுக்காத மனிதர் இதற்கு ஒப்பினார். அவர் வாழ்க்கையில் இதுவே மிகக் கடினமான செயல் என்பது என் எண்ணம். அடிப்பதையும் ஓடுவதையும் பயிற்சியால் கற்கலாம். இதற்கு என்ன பயிற்சி இருக்கிறது?

1947 ஏப்ரல் 15 அன்று 42 ஆம் எண் சட்டையுடன் அவர் புரூக்ளினின் எப்பெட்ஸ் மைதானத்தில் இறங்கினார். எதிரணியின் மேலாளரே வாய்கூசும் வசைகளைப் பொழிந்த நாட்கள் உண்டு. கொலை மிரட்டல் கடிதங்களும் வந்தன. அவ்வாண்டின் சிறந்த புதுமுகம் என்ற விருது அவருக்கே கிடைத்தது. 1949 இல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதும் வந்தது.

இனி 1951 க்கு வருவோம். நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

அக்காலத்தில் பருவத்துக்கு 154 ஆட்டங்கள். லீகில் முதலிடம் பெற்ற ஓர் அணி மட்டுமே உலகத் தொடருக்குப் போகும். இரண்டாமவர் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். ஆகஸ்ட் 11 அன்று டாட்ஜர்ஸ், அதே நகரத்து ஜயண்ட்ஸைவிட 13 ஆட்டங்கள் முன்னிலையில் இருந்தது. புரூக்ளின் ரசிகர்கள் உலகத் தொடரைப் பற்றிப் பேசத் தொடங்கியிருப்பார்கள். மறுநாள் முதல் ஜயண்ட்ஸ் தொடர்ந்து 16 ஆட்டங்களை வென்றது. கடைசி 44 இல் 37 வெற்றி. ஒவ்வொரு காலையும் செய்தித்தாளை விரித்து, நேற்று 9 ஆக இருந்த இடைவெளி இன்று 8 என்று பார்ப்பவனின் வயிறு என்ன பாடுபடும் என்பதை நான் அறிவேன். ஆய்வுக்கூடத்தில் அளவுமானி மெல்லச் சரியும்போது கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பது போன்றது அது.

கடைசி நாளான செப்டம்பர் 30 விடிந்தபோது இரண்டும் சமம். ஜயண்ட்ஸ் பாஸ்டனில் வென்றுவிட்டது. பிலடெல்பியாவில் டாட்ஜர்ஸ் 6–1 என்று பின்தங்கியிருந்து, முட்டிமோதி 8–8 என்று சமன்செய்தது. ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸைத் தாண்டிப் போயிற்று. பன்னிரண்டாம் இன்னிங்ஸில் இரண்டு பேர் அவுட். ஆனால் மூன்று தளங்களிலும் பிலடெல்பியாவின் ஓட்டக்காரர்கள் நிற்கிறார்கள். ஓர் ஓட்டம் வந்தால் புரூக்ளினின் ஆண்டு முடிந்தது. எட்டி வெய்ட்கஸ் அடித்த பந்து தாழப் பாய்ந்து இரண்டாம் தளத்தருகே போயிற்று. ராபின்ஸன் பக்கவாட்டில் பாய்ந்து அதைப் பிடித்தார். விழுந்த வேகத்தில் முழங்கை வயிற்றில் குத்த, அப்படியே மூச்சடைத்துக் கிடந்தார். பிறகு எழுந்து ஆடினார். பதினான்காம் இன்னிங்ஸில் இரண்டு பேர் அவுட்டான பிறகு, ராபின் ராபர்ட்ஸ் வீசிய பந்தை அவர் வேலிக்கு அப்பால் அடித்தார். கிரிக்கெட்டின் சிக்ஸர் போன்ற ஹோம் ரன். 9–8!

சமநிலை ஆகையால் மூன்று ஆட்டங்களில் தீர்வு. முதலாவதை ஜயண்ட்ஸ் 3–1 என வென்றது. இரண்டாவதை டாட்ஜர்ஸ் 10–0 என வென்றது. அக்டோபர் 3, போலோ கிரௌண்ட்ஸ் மைதானம், மூன்றாவது ஆட்டம். டாட்ஜர்ஸின் முதல் ஓட்டம் ராபின்ஸன் அடித்த அடியில் வந்தது. கடைசி இன்னிங்ஸில் ஜயண்ட்ஸ் அடிக்க வந்தபோது டாட்ஜர்ஸ் 4–1 என முன்னிலை. பிறகு 4–2. இரண்டு ஓட்டக்காரர்கள் தளங்களில் நிற்க, புதிதாக இறக்கப்பட்ட ரால்ப் பிராங்கா வீசிய இரண்டாவது பந்தை பாபி தாம்ஸன் இடப்பக்கத் தடுப்புக்கு மேலே அனுப்பினார். 5–4. புரூக்ளின் தோற்றது.

டாட்ஜர்ஸ் ஆட்டக்காரர்கள் தலைகுனிந்து வெளியேறத் தொடங்கினார்கள். ராபின்ஸன் மட்டும் நகரவில்லை. வெற்றிக்களிப்பில் மைதானத்துக்குள் புரண்டோடிய கூட்டத்தின் நடுவே, தாம்ஸன் நான்கு தளங்களிலும் முறைப்படி கால் வைக்கிறாரா என்று நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றைத் தவறவிட்டிருந்தாலும் முறையிட்டு அவரை அவுட்டாக்கியிருக்கலாம். தாம்ஸன் எதையும் தவறவிடவில்லை. அதைப் பார்த்து முடித்த பிறகே ராபின்ஸன் போனார். போர்வைக்குள் புகுந்த என் அக்டோபர் 3 இரவை நினைத்து நான் வெட்கப்பட்டேன் என்பதை ஒளிக்கவில்லை.

இந்தக் கதைக்கு ஒரு வால் உண்டு. அந்தப் பருவத்தில் ஜயண்ட்ஸ் தம் மைதானத்தின் கோடி அறையில் ஒரு தொலைநோக்கியை வைத்து, எதிரணியின் சைகைகளைத் திருடி, மின்மணி வழியாகத் தம்மவருக்குத் தெரிவித்தது என்பது 2001 இல் விரிவாக வெளியாயிற்று. அந்த ஒரு பந்துக்கு அவ்வுதவியைப் பெறவில்லை என்று தாம்ஸன் மறுத்தார். வானத்தைப் பார்க்க உதவும் கருவியை இதற்கும் பயன்படுத்தலாம் என்று எந்த ஒளியியல் பாடத்திலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. செய்தி வந்தபோது ராபின்ஸன் மறைந்து இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

1955 இல் புரூக்ளின் முதன்முறையாக உலகத் தொடரை வென்றது. முடிவை நிர்ணயித்த ஏழாவது ஆட்டத்தில் ராபின்ஸன் ஆடவில்லை. வெளியே உட்கார்ந்து பார்த்தார். 1956 டிசம்பரில் டாட்ஜர்ஸ் அவரைக் கைமாற்றியது, அதுவும் ஜயண்ட்ஸுக்கு! அவர் போகவில்லை, ஆட்டத்திலிருந்தே ஓய்வு பெற்றார். 1957 பருவம் முடிந்ததும் அணியே புரூக்ளினைக் கைவிட்டு லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபெயர்ந்தது. ஜயண்ட்ஸும் சான்பிரான்சிஸ்கோவுக்குப் போயிற்று. 1960 இல் எப்பெட்ஸ் மைதானத்தை இடித்து, அங்கே அடுக்குமாடி வீடுகள் கட்டினார்கள். நான் கைபேசியில் ஆர்ப்பரிக்கும் அணி, ஒரு நகரத்தின் நெஞ்சை உடைத்துவிட்டு வந்த அணி என்பது எனக்கு வெகுநாள் உறைக்கவில்லை. ஊரை விட்டு வந்தவன் நானும்தான். ஆயினும் இதில் என் அனுதாபம் பின்தங்கி நின்றவர்கள் பக்கமே.

பிற்காலத்தில் ராபின்ஸன் கறுப்பரின் உரிமைப் போராட்டத்தில் ஈடுபட்டார். நீரிழிவு அவர் பார்வையை ஏறத்தாழப் பறித்துவிட்டது. மூத்த மகன் 1971 இல் கார் விபத்தில் இறந்தான். 1972 அக்டோபர் 15 அன்று உலகத் தொடரின் மேடையில் பாராட்டுப் பெற்றபோது, ஓர் அணியின் மேலாளராகக் கறுப்பர் ஒருவரைக் காணும் நாளை எதிர்நோக்குவதாக அவர் சொன்னார். ஒன்பது நாட்களில், ஐம்பத்து மூன்றாம் வயதில் இறந்தார். அப்படி ஒரு மேலாளர் முதன்முதலாக 1975 பருவத்தில் கிளீவ்லந்தில் பொறுப்பேற்றார்.

1997 இல் 42 ஆம் எண்ணை எல்லா அணிகளும் ஓய்வுபெறச் செய்தன. ஏப்ரல் 15 அன்று மட்டும் எல்லா ஆட்டக்காரர்களும் அதை அணிகிறார்கள். மறுநாள் காலை உணவுக்கூடத்தில் யார் யார் என்று தெரியாமல் நான் திண்டாடுவது வழக்கம். ராபின்ஸனின் கல்லறை புரூக்ளின் எல்லையிலுள்ள சைப்ரஸ் ஹில்ஸ் இடுகாட்டில், மகனின் கல்லறை அருகே இருக்கிறது. இடுகாட்டை ஊடறுத்து ஒரு நெடுஞ்சாலை போகிறது. அதற்கு இப்போது அவர் பெயர்.