கோட்கட் மலைக்கு ஆப்பிள் தந்த அமெரிக்கர்

ஆகஸ்டு பிறந்துவிட்டால் டில்லி ஆஜாத்பூர் மண்டியில் சிம்லா ஆப்பிள் வந்து குவியத் தொடங்கும். கரோல்பாக்கில் தள்ளுவண்டிக்காரரிடம் பேரம் பேசி ஒரு கிலோ வாங்கி வரும் நாம், அந்தச் சிவப்புப் பழம் மலைக்கு எப்படி வந்தது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. அதன் பின்னால் ஓர் அமெரிக்கரின் வாழ்க்கை இருக்கிறது. தொழுநோயாளிகளுக்குத் தொண்டு செய்ய வந்து, இந்நாட்டின் விடுதலைக்காகச் சிறை சென்று, இம்மண்ணிலேயே கண்மூடியவர் அவர். பெயர் சாமுவேல் இவான்ஸ் ஸ்டோக்ஸ்.

செல்வத்தைத் துறந்தவர்

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், வசதி மிக்க குடும்பத்தில் 1882ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் தேதி ஸ்டோக்ஸ் பிறந்தார். தந்தை லிஃப்டு தயாரிக்கும் தொழிலதிபர். தொழிலைக் கவனிக்க வேண்டிய பிள்ளை, 1904இல் 21ஆம் வயதில் பம்பாய்க்குக் கப்பலேறி வந்தார். சிம்லாவை அடுத்த சபாத்து தொழுநோய் இல்லத்தில் பணியில் சேர்ந்தார். மறு ஆண்டு காங்ரா பள்ளத்தாக்கைப் பூகம்பம் உலுக்கியபோது நிவாரண வேலைக்கு ஓடினார். சில காலம் காவி உடுத்தித் துறவிபோல் வாழ்ந்தார்.

சிம்லாவிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கோட்கட் மலைப்பகுதி அவரைப் பிடித்து நிறுத்தியது. மக்களுக்குத் தொண்டு செய்ய வேண்டுமானால் அவர்களில் ஒருவராக வாழ வேண்டும் என்று முடிவு செய்தார். 1912இல் அப்பகுதியைச் சேர்ந்த ஆக்னஸ் என்ற பெண்ணை மணந்தார். பாரோபாக்கில் நிலம் வாங்கி, குடும்பஸ்தராகவும் குடியானவராகவும் மாறினார்.

ஊர் ஏற்காத புளிப்பு

ஆப்பிள் இம்மலைகளுக்கு முற்றிலும் புதிதல்ல. குலு பள்ளத்தாக்கில் 1870ஆம் ஆண்டையொட்டியே கேப்டன் லீ என்ற ஆங்கிலேயர் தம் நாட்டு வகைகளைக் கொண்டுவந்து தோட்டம் போட்டிருந்தார். காக்ஸ் ஆரஞ்சு பிப்பின் போன்ற அவ்வகைகள் மணம் மிக்கவை. ஆனால் புளிப்பும் கலந்தவை. துரைமார் விரும்பினர், இனிப்புப் பழகிய நம்மவர் நாக்குக்கு அவை பிடிக்கவில்லை. பிடிக்காத பழத்துக்குச் சந்தை ஏது?

ஸ்டோக்ஸ் கவனித்தது இதைத்தான். படிக்கட்டு வயல்களில் விளையும் தானியம் குடியானவர் வயிற்றுக்கே போதவில்லை. விற்றுக் காசாக்க ஒரு பயிர் வேண்டும். அதை ஊர் மக்கள் விரும்பித் தின்னவும் வேண்டும். அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தின் ஸ்டார்க் சகோதரர் நாற்றுப்பண்ணை, ரெட் டெலிஷியஸ் என்ற இனிப்பு வகையைப் பரப்பி வந்தது. அந்தக் கன்றுகளை வரவழைத்து 1916இல் பாரோபாக்கில் நட்டார். 1921இல் அவருடைய தாயார் அதே பண்ணையின் கோல்டன் டெலிஷியஸ் கன்றுகளைக் கிறிஸ்துமஸ் பரிசாக அனுப்பிவைத்தார். மஞ்சள் நிறப் பழம் தரும் அந்த வகையும் மலையில் வேரூன்றியது.

விதை தராத வாரிசு

ஆப்பிள் விதையை ஊன்றினால் தாய் மரத்தின் பழம் வராது. வேறொரு மரத்தின் மகரந்தம் கலந்தே காய் பிடிப்பதால், ஒவ்வொரு விதையும் புது மரம். நம் ஊர் மல்கோவாவைப் போல ஒட்டுக் கட்டித்தான் வகையைக் காப்பாற்ற வேண்டும். ரெட் டெலிஷியஸின் கதையே இதற்குச் சான்று. அயோவா மாநிலத்தில் ஜெஸ்ஸி ஹையட் என்ற விவசாயியின் தோட்டத்தில் வரிசை தப்பி முளைத்த செடி அது. வெட்டிப் போட்டும் மீண்டும் துளிர்த்ததால், பிழைத்துப் போகட்டும் என்று விட்டுவைத்தார். அந்த ஒரே மரத்திலிருந்து எடுத்த குச்சிகளே கைமாறிக் கைமாறி உலகமெங்கும் பரவின.

ஸ்டோக்ஸும் தம் மரங்களைப் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. கன்றுகளை அண்டை அயலாருக்குக் கொடுத்தார். ஒட்டுக் கட்டவும் கிளை நறுக்கவும் சொல்லித் தந்தார். தானியம் விளையும் நிலத்தை, பலன் தரப் பல ஆண்டுகள் பிடிக்கும் மரத்துக்கு ஒப்படைக்க எந்தக் குடியானவருக்கும் எளிதில் மனம் வராது. ஸ்டோக்ஸின் மரங்கள் காய்த்து, பழம் கோவேறு கழுதை முதுகில் சிம்லாவுக்குப் போய் நல்ல விலை பெற்றதும் தயக்கம் விலகியது. கோட்கட்டின் வறுமையும் படிப்படியாக விலகியது.

சிறையும் சோகமும்

பழத்தோடு அவர் நின்றுவிடவில்லை. மலைமக்களைக் கூலியின்றிச் சுமை தூக்க வைத்த பேகார் முறையை எதிர்த்துக் கிளர்ச்சி நடத்தி, 1921இல் கோட்கட்டில் அதற்கு முடிவு கண்டார். கதர் உடுத்தி காந்தியடிகளின் இயக்கத்தில் சேர்ந்தார். அரசுப் பணியைத் துறக்குமாறு இந்தியர்களை அழைத்த 1921ஆம் ஆண்டு அறிக்கையில் தலைவர்களோடு கையெழுத்திட்ட ஒரே வெளிநாட்டவர் அவரே. அவ்வாண்டு டிசம்பரில் கைதாகி ஆறு மாதத் தண்டனை பெற்றார்.

சிறையைவிடப் பெரிய அடி பின்னர் விழுந்தது. அருமை மகன் தாரா சிறு வயதிலேயே நோயில் மறைந்தான். அவன் நினைவாக 1924இல் மலைக் குழந்தைகளுக்காகப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். 1932இல் இந்து சமயத்தைத் தழுவி சத்தியானந்தர் ஆனார்; ஆக்னஸ் அம்மையார் பிரியதேவி ஆனார். 1946 மே 14ஆம் தேதி, விடுதலைக்கு ஓராண்டே இருந்தபோது, காலமானார்.

இனி காக்க வேண்டியவை

அவர் நட்ட வகைகளே இன்று பழைய வகைகளாகிவிட்டன. ரெட் டெலிஷியஸுக்கு நீண்ட கடுங்குளிர் தேவை. பனி குறைந்துவரும் தாழ்ந்த மலைச்சரிவுகளில் அது சரியாகக் காய்ப்பதில்லை. முதிர்ந்த மரங்களை அகற்றிவிட்டு, சீக்கிரம் பலன் தரும் குட்டை மரங்களைப் பலர் நடுகின்றனர். பிழைப்பு நடத்த வேண்டியவரை இதற்காகக் குறை சொல்ல முடியாது.

ஆனாலும் ஒன்றை மறக்கலாகாது. 1982-83இல் ஸ்கேப் என்னும் பூஞ்சை நோய் ஹிமாசலத் தோட்டங்களைச் சூறையாடியது. மலை முழுதும் ஓரிரு வகையே நின்றால், ஒரு நோய் அத்தனையையும் தாக்கும். மேலும், டெலிஷியஸ் மரம் தன் மகரந்தத்தால் தானே காய்க்காது. அருகில் வேறு வகை மரம் வேண்டும். விலை போகாத வகையும் மகரந்தம் தந்து தோட்டத்தைக் காக்கலாம். ஒரு வகையின் கடைசி மரம் விழுந்துவிட்டால் எந்த விதையும் அதைத் திருப்பித் தராது. சிம்லாவில் பாக்லியில் உள்ள அரசு தாவர மரபுவள நிலையம் பழவகைகளைச் சேகரித்துக் காத்துவருவது இதனால்தான்.

விடுமுறைக்குக் கால்கா ரயிலில் சிம்லா செல்லும் நம்மவர்கள், பாதையோரத்தில் சிறிதாக, பளபளப்பின்றி விற்கும் நாட்டு ஆப்பிளைக் கண்டால் ஒரு கிலோ வாங்கிப் பார்க்கலாம். வாங்க ஆள் இருக்கும்வரை அந்த மரத்தின் மேல் கோடரி விழாது.