புடவை மூட்டையோடு வந்தவர்

ஸ்பிரிங்வெளியில் இருந்து எம்மோடு படிக்க வரும் தோழிகளிடம் என்ன வேலைக்குப் போக விருப்பம் என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். காலையில் போய் மாலையில் திரும்பும் வேலை. கிழமையில் ஒரு நாளாவது வீட்டில் இருக்கக்கூடிய வேலை. அவர்களுடைய பாட்டிமார் காலத்தில் மலையில் அப்படியொரு வேலையைக் கேட்பதே குற்றம் போலக் கருதப்பட்டது. அதைக் கேட்கலாம் என்று சொன்ன முதல் மனிதர்களில் ஒருவர் கோ. நடேசய்யர்.

தஞ்சாவூர்க்காரர். அங்கே அரசாங்க எழுதுவினைஞராக இருந்து, பின் வர்த்தகர் சங்க வேலைகளிலும் பத்திரிகையிலும் ஈடுபட்டவர். இலங்கைக்கு வந்தபோது தோட்டத் தொழிலாளர் படும் பாட்டைக் கேள்விப்பட்டார். நேரில் பார்க்கத்தான் வழியில்லை. தோட்டம் துரையின் தனிச்சொத்து. அனுமதியின்றி நுழைந்தால் அத்துமீறல் வழக்கு. ஆனால் லயத்து வாசல்வரை தடையின்றிப் போகக்கூடியவர் ஒருவர் இருந்தார், புடவை வியாபாரி. நடேசய்யர் துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு அந்த வேடத்திலேயே உள்ளே போனார். பொட்டணி வியாபாரம் செய்த மூத்தவர்கள் உள்ள குடும்பங்களில் பிறந்த எம்மில் பலருக்கு இந்த இடம் தனி மகிழ்ச்சி தரும்.

அவர் அங்கே கண்டது என்ன? விடியுமுன் தப்பு அடிக்கும். பிரட்டுக் களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். பிந்தினால் அன்று வேலை இல்லை. கொழுந்து குறைந்தால் அரைப்பேர்தான் விழும். எப்போது கைவிடுவது என்பது கங்காணியின் வாயில் இருந்தது. கங்காணியிடம் பட்ட கடனோ தீராதது. கடனோடு ஆளை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் துண்டு முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது.

கொழும்பில் ஏ. ஈ. குணசிங்கவோடு சேர்ந்து தொழிற்சங்க வேலை செய்தார் நடேசய்யர். தேசநேசன், தேசபக்தன் பத்திரிகைகளை நடத்தினார். சட்டநிரூபண சபையிலும் அமர்ந்தார். 1927இல் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. மலைநாட்டுக்கு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என்று பின்னர் கூலி விதித்தார்கள். சாப்பாட்டு நேரம் உட்பட ஒன்பது மணித்தியாலமே ஒரு நாள் வேலை என்றும் வரையறுத்தார்கள். கூலி போதாது என்று வாதாடியவர் அவர். ஆனாலும் சட்டத்தில் கிடைத்ததை விட்டுவிடவில்லை. அதை எளிய தமிழில் துண்டுப்பிரசுரமாக்கி லயங்களுக்கு அனுப்பினார். அவருடைய வேலைகளில் பெரியது இதுதான் என்பேன். ஒன்பது மணித்தியாலம் என்று தெரியாதவர், பத்தாவது மணித்தியாலத்தை எப்படி மறுப்பார்?

அந்த ஒன்பதில் ஒரு கணக்கு விடுபட்டிருந்தது. விடியுமுன் அடுப்பு மூட்டி, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு மலைக்குப் போய், திரும்பி வந்து தண்ணீரும் விறகும் சுமந்த பெண்ணின் மணித்தியாலங்கள் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. கூலியிலும் அவளுக்கு 11 சதம் குறைவு. தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம கூலி வர 1984ஆம் ஆண்டாயிற்று.

குணசிங்கவின் போக்கு இந்தியத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பவே, நடேசய்யர் விலகி அட்டனுக்கு வந்தார். 1931இல் அகில இலங்கைத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். மனைவி மீனாட்சி அம்மாள் வெறும் துணையாக இருந்தவர் அல்லர். பத்திரிகை வேலையைப் பார்த்தார், பாட்டு எழுதினார். எழுத்தறியாத கூட்டத்துக்கு மேடையில் நின்று அதைப் பாடினார். ஒரு பெண் பொது மேடை ஏறுவதே அரிதாக இருந்த காலம் அது.

சம்மேளனம் நெடுநாள் ஓங்கி நிற்கவில்லை. தேயிலை விலை விழுந்தபோது 54 சதமும் குறைக்கப்பட்டது. அதை அவரால் தடுக்க முடியவில்லை. பின்னர் வேறு சங்கங்கள் முந்திக்கொண்டன. ஆயினும் 1936இல் அட்டன் தொகுதியில் வென்று அரசாங்க சபைக்குப் போனார். பிரசவ சகாயச் சட்டம் 1939இலும், வேலை நேரத்தையும் வார விடுமுறையையும் ஆண்டு விடுமுறையையும் தீர்மானிக்க வழிசெய்த சம்பளச் சபைகள் சட்டம் 1941இலும் வந்தபோது அவர் அந்தச் சபையில் இருந்தார்.

1947 தேர்தலில் தோற்றார். அவ்வாண்டு நவம்பரிலேயே காலமானார். மறு ஆண்டு வந்த பிரஜாவுரிமைச் சட்டத்தால், அவர் யாருக்காக மூட்டை சுமந்தாரோ அந்த மக்களில் பெரும்பாலோர் நாடற்றவர் ஆனார்கள்.