வான்கோழிக்கு வைத்த ஷாக்!
(பெஞ்சமின் பிராங்க்ளின் 1706 – 1790)

அமெரிக்காவின் 100 டாலர் நோட்டில் முன்தலை வழுக்கையும் பின்னால் நீள முடியுமாக ஒரு தாத்தா இருப்பார், படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அவர்தான் பெஞ்சமின் பிராங்க்ளின். நோட்டில் இருக்கிறாரே, ஜனாதிபதியாக இருந்திருப்பார் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். அதுதான் இல்லை. பட்டம் விட்டார், இடிதாங்கி கண்டுபிடித்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அவர் ஒரு பட்டறைத் தொழிலாளி, வேலை செய்யும் இடத்தில் இரண்டு விதமான ஆபத்தைச் சொந்த உடம்பில் அனுபவித்தவர் என்பதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. ரேடியோ, டிவி, செல்போன் ரிப்பேர் கற்றுக்கொள்ள ஆசைப்படும் அண்ணன்களும் அக்காக்களும் நம்ம பள்ளியில் இருப்பதால் அந்தப் பக்கத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1706 ஜனவரி 17 அன்று பாஸ்டன் நகரத்தில் பிறந்தார். அப்பா மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்து விற்பவர். மொத்தம் 17 பிள்ளைகள், இவர் 15-ஆவது! பள்ளிக்கூடம் போனது இரண்டே வருஷம். 12 வயதில் அண்ணன் ஜேம்ஸின் அச்சகத்தில் வேலைக்குச் சேர்த்துவிட்டார்கள். அண்ணன் அடி தாங்க முடியாமல் 17 வயதில், 1723-இல், பிலடெல்பியாவுக்கு ஓடிப்போனார். அடுத்த வருஷமே கப்பலேறி லண்டன் போய் அங்கே ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலையில் சேர்ந்தார்.

அந்தக் காலத்து அச்செழுத்துகள் காரீயம் கலந்த உலோகம். அச்சடித்து முடித்ததும் எழுத்துகளை ஈரத்தோடு பெட்டியில் பிரித்துப் போடுவார்கள். அந்தப் பெட்டியை நெருப்புக்கு முன்னால் சாய்த்து வைத்துக் காயவைப்பது லண்டன் பழக்கம். குளிர் நாடு இல்லையா, சூடான எழுத்தைத் தொட்டால் கைக்கும் இதமாக இருக்கும். பிராங்க்ளினும் அப்படியே செய்தார். கூட வேலை பார்த்த ஒரு வயசான தொழிலாளி அதைப் பார்த்துவிட்டு, இப்படிச் செய்தால் கையே விளங்காமல் போய்விடும் என்று எச்சரித்தார். அதே மாதிரி கெட்டுப்போன இரண்டு பேரையும் அடையாளம் சொன்னார். வாரம் ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங், சம்பாதித்த ஒருவருக்கு அப்புறம் பத்து ஷில்லிங்கைத் தாண்ட முடியவில்லை. இன்னொருவருக்கு மணிக்கட்டே தொங்கிப்போய் ஏழரை ஷில்லிங்தான் கிடைத்தது. பிராங்க்ளினுக்கும் கை எலும்புக்குள் இனம் தெரியாத ஒரு வலி வர ஆரம்பித்திருந்தது. அன்றோடு எழுத்தைச் சூடாக்குவதை விட்டுவிட்டார். அந்தப் பெரியவர் சொல்லாமல் விட்டிருந்தால் இந்தக் கதையே வேறு மாதிரி போயிருக்கும்!

அதோடு சும்மா இருக்கவில்லை. எழுத்து வார்க்கும் பட்டறைக்குப் போய் இதற்குக் காரணம் என்ன என்று விசாரித்தார். அங்கே இருந்தவர் புகையைக் குற்றம் சொல்லவில்லை. உலோகத்தைத் தொட்ட கையைச் சரியாகக் கழுவாமல் ரொட்டியைப் பிட்டுச் சாப்பிடுகிறார்கள், அதில் ஒட்டிக்கொண்டு தூள் வயிற்றுக்குள் போகிறது என்றார். பிராங்க்ளினுக்கு அது நியாயமாகப் பட்டாலும் புகை மேலிருந்த பயமும் போகவில்லை. சால்டரிங் விஷயத்தில் இரண்டுக்குமே இடம் இருக்கிறது. சால்டரிங் அயர்ன் சூட்டில் காரீயம் ஆவியாவது ரொம்பக் குறைவு. மேலே எழும்பும் வெள்ளைப் புகை, பிடிப்பதற்காகப் போடும் ஃபிளக்ஸ் கருகுவது. அது மூச்சுக்குழலை உறுத்தும், நாள்பட்டால் ஆஸ்துமா வரலாம். அதனால்தான் ஜன்னல் திறந்திருக்க வேண்டும், முகத்தைப் புகைக்கு நேராக நீட்டக் கூடாது. காரீயம் போவதோ விரல் வழியாக. வேலையை விட்டு எழுந்து அப்படியே பஜ்ஜியை எடுக்கிறோம் பாருங்கள், அப்போதுதான்!

பிறகு பிலடெல்பியா திரும்பிச் சொந்த அச்சகம், பத்திரிகை, பஞ்சாங்கம் என்று நன்றாகச் சம்பாதித்தார். 1736-இல் ஊரில் தீப்பிடித்தால் ஓடிப்போய் அணைக்க ஒரு சங்கம் அமைத்தார். 42 வயதில் தொழிலைக் கூட்டாளியிடம் ஒப்படைத்துவிட்டு முழுநேரமும் மின்சார ஆராய்ச்சிக்கு வந்துவிட்டார்.

அப்போது லைடன் ஜாடி என்று ஒன்று புதிதாக வந்திருந்தது. கண்ணாடி ஜாடி, உள்ளேயும் வெளியேயும் உலோகம். மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும். நம்ம கடைகளில் கண்டன்சர் என்கிறோமே, அதற்குத் தாத்தா இதுதான். 1750 கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, மின்சாரத்தாலேயே வான்கோழியைக் கொன்று காட்டுகிறேன் என்று இரண்டு பெரிய ஜாடிகளை சார்ஜ் செய்து வைத்திருந்தார். சுற்றி நின்றவர்கள் பேசிக்கொண்டே இருக்க, இவர் கவனமும் அங்கே போய்விட்டது. ஒரு கை மேலே உள்ள கம்பியில், இன்னொரு கை ஜாடியின் வெளிப்பக்கச் சங்கிலியில்... அவ்வளவுதான்! துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம், பெரிய வெளிச்சம். இது பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னது. இவருக்கு எதுவும் தெரியவும் இல்லை, கேட்கவும் இல்லை. தலை முதல் கால் வரை ஓர் அடி, உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. கையும் பின்கழுத்தும் மறுநாள் காலை வரை மரத்துக் கிடந்தன. நெஞ்செலும்பு ஒரு வாரம் வலித்தது.

நெஞ்செலும்பு ஏன் வலித்தது? ஒரு கையில் நுழைந்த மின்சாரம் மறு கை வழியே வெளியேற வேண்டுமானால் நடுவில் நெஞ்சைத்தானே கடக்க வேண்டும், அங்கேதானே இதயம் இருக்கிறது. விவரம் தெரிந்த மெக்கானிக்குகள் சார்ஜ் உள்ள போர்டில் ஒரு கையை மட்டும் விட்டு, மற்றதைப் பின்னால் கட்டிக்கொள்வது இதனால்தான். 230 வோல்ட் லைனில் ஓடும் டிவி பவர் போர்டில் பெரிய கண்டன்சரில் 325 வோல்ட் வரை ஏறி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டோமே என்று தொட்டால் பிராங்க்ளின் கதிதான். ஸ்க்ரூ டிரைவரை வைத்து டப்பென்று ஷார்ட் செய்வது தப்பு, பொறி பறந்து கண்ணில் படும். ரெசிஸ்டர் வைத்து மெதுவாக இறக்கி, மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

இந்த அடிக்குப் பிறகும் மனுஷன் ஓயவில்லை. 1752-இல் பட்டம் விட்டார். அப்போதும் கையில் பிடித்த பகுதி காய்ந்த பட்டு நாடா, நின்றது நனையாத கூரையின் கீழ். ஜாக்கிரதை வந்துவிட்டது பாருங்கள்! (மின்னல் நேராகப் பட்டத்தில் அடித்திருந்தால் அந்தப் பட்டும் காப்பாற்றியிருக்காது. யாரும் முயற்சி செய்து பார்க்க வேண்டாம்!) மறு வருஷம் ரஷ்யாவில் ரிச்மன் என்ற விஞ்ஞானி பூமியோடு இணைக்காத கம்பியின் பக்கத்தில் நின்று அளந்துகொண்டிருந்தபோது, மின்னல் நெற்றியில் பாய்ந்து அங்கேயே இறந்துபோனார். பிராங்க்ளின் சொன்ன இடிதாங்கியோ கூரையிலிருந்து ஈரமண் வரை போகும் கம்பி. மின்னல் மனுஷன் வழியாகப் போகாமல் மண்ணுக்குப் போக ஒரு சுலப வழி. பிளக்கின் மூன்றாவது முள்ளில் வரும் எர்த் கம்பிக்கும் வேலை கிட்டத்தட்ட அதேதான். இடிதாங்கிக்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை, எல்லோரும் செய்துகொள்ளட்டும் என்று தன் பஞ்சாங்கத்திலேயே முறையை அச்சடித்து விற்றார்.

அரசியல் பெரிய கதை. 1776 சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்து, பிரான்சில் தூதர், 1787-இல் அரசியல் சட்டம். வீட்டில் அடிமைகளை வைத்திருந்தவர், கடைசிக் காலத்தில் அடிமை ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைவரானார்.

80 வயதில், 1786-இல், பழைய லண்டன் அச்சகம் மறுபடி ஞாபகத்துக்கு வந்தது. ஒரு நண்பருக்கு நீளமாகக் கடிதம் எழுதினார். அச்செழுத்து, சாராயம் காய்ச்சும் காரீயக் குழாய், பாரிஸ் ஆஸ்பத்திரியில் ஒரே வியாதியோடு படுத்திருந்தவர்கள் எல்லோரும் காரீயத்தில் வேலை செய்தவர்கள் என்று 60 வருஷமாகச் சேர்த்து வைத்ததெல்லாம் அதில் இருக்கிறது. 1790 ஏப்ரல் 17 அன்று இறந்தார்.

எலக்ட்ரானிக் சாமான்களில் காரீயத்தைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பியச் சட்டம் 2006 ஜூலையில்தான் அமலுக்கு வந்தது, கடிதம் எழுதி 220 வருஷம் கழித்து. கடையில் சால்டரிங் லெட் வாங்கும்போது சுருளில் 60/40 என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அப்படி இருந்தால் 100 கிராமில் 60 கிராம் வெள்ளீயம், மீதி 40 காரீயம்.