கர்னல் சார்லஸ் யங்: தகுதியின்மை யாருடையது?

தகுதி என்னும் சொல்லை நாம் நாள்தோறும் கேட்கிறோம். கல்லூரிச் சேர்க்கையிலும் பணி நியமனத்திலும் பதவி உயர்விலும் ஒடுக்கப்பட்டோரை நோக்கி வீசப்படும் முதற்கேள்வி அதுவே. தகுதியை வளர்த்துக்கொண்டால் தடைகள் தாமே விலகிவிடும் என்று அறிவுரை கூறுவோரும் உண்டு. அந்த அறிவுரையை வாழ்நாள் முழுதும் கடைப்பிடித்த ஒரு மனிதருக்கு என்ன நேர்ந்தது என்பதை அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாறு நமக்குக் காட்டுகிறது. அவர் பெயர் சார்லஸ் யங். படை அதிகாரி, பேராசிரியர், போர் வரலாற்றை ஆராய்ந்து நூல் எழுதியவர். அமெரிக்க இராணுவத்தில் கர்னல் பதவியை எட்டிய முதல் கறுப்பினத்தவர்.

யங் 1864 மார்ச் 12 அன்று கென்டக்கி மாநிலத்தின் மேஸ் லிக் என்னும் சிற்றூரில் அடிமைப் பெற்றோருக்குப் பிறந்தார். உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், 1865-இல், தந்தை கேப்ரியல் அடிமைத்தளையிலிருந்து தப்பி, வடக்கு அரசின் கறுப்பினப் பீரங்கிப் படையில் சேர்ந்தார். சீருடையே விடுதலைக்கு வழியாக இருந்த காலம் அது. போருக்குப் பின் குடும்பம் ஓஹையோ மாநிலத்தின் ரிப்ளி நகரில் குடியேறியது. அங்கே வெள்ளையர் பயின்ற உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேறிய யங், சிறிது காலம் கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஆசிரியராகப் பணியாற்றினார்.

1884-இல் போட்டித் தேர்வின் வழியாக வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரிக்குள் நுழைந்தார். அங்கே அவரை எதிர்கொண்டது விலக்கிவைப்பு. உடன் பயின்றவர்கள் பணி நிமித்தமன்றி அவரோடு பேசுவதில்லை, இழிசொற்களுக்கோ குறைவில்லை. சேரியிலிருந்து உயர்கல்வி நிலையம் சென்ற நம் மாணவர்களுக்கு அந்த மௌனத்தை விளக்க வேண்டியதில்லை. கணிதத்தில் தவறியதால் முதலாண்டை மீண்டும் படித்தார். இறுதியாண்டில் பொறியியல் பாடம் தடையாக நின்றது. பின்னாளில் பனாமா கால்வாயைக் கட்டி முடித்த ஜார்ஜ் கோதல்ஸ் அப்போது அங்கே ஆசிரியர். அவர் தனியே கற்பித்து உதவ, மறுதேர்வில் யங் தேறினார். 1889-இல் பட்டம் பெற்றபோது, அக்கல்லூரி தொடங்கிய நாள்முதல் அங்கே பட்டம் பெற்ற மூன்றாவது கறுப்பினத்தவர் அவர். நான்காமவர் வருவதற்கு 1936 வரை காத்திருக்க நேர்ந்தது.

அன்றைய அமெரிக்க இராணுவத்தில் கறுப்பினத்தவருக்கெனத் தனிப் படைப்பிரிவுகள் நான்கு இருந்தன. அவற்றின் வீரர்கள் கறுப்பர், அதிகாரிகளோ வெள்ளையர். கறுப்பர் போரிடலாம், காயம்படலாம், மடியலாம். ஆணையிடுதல் மட்டும் வெள்ளையரின் உரிமை. இந்த ஏற்பாட்டைத் தம் இருப்பினாலேயே கேள்விக்கு உட்படுத்தியவர் யங். நெப்ராஸ்காவிலும் யூட்டாவிலும் ஒன்பதாம் குதிரைப்படையில் பணியாற்றியபின், 1894-இல் கறுப்பினத்தவரின் வில்பர்ஃபோர்ஸ் பல்கலைக்கழகத்தில் போர்க்கலைப் பேராசிரியரானார். அங்கே உடன் பணியாற்றிய டபிள்யூ. இ. பி. டூ பாய்ஸ் அவருடைய வாழ்நாள் நண்பரானார். பின்னர் யூட்டாவில் பெஞ்சமின் டேவிஸ் என்னும் இளம் படைவீரருக்கு அதிகாரித் தேர்வுக்கான பாடங்களை யங் கற்றுக்கொடுத்தார். அந்த மாணவரே 1940-இல் அமெரிக்க இராணுவத்தின் முதல் கறுப்பின ஜெனரல் ஆனார். தாம் ஏறிய படியை அடுத்தவருக்கும் அமைத்துக் கொடுத்ததே யங்கின் பணிகளில் நெடிது நிலைத்தது.

1903-இல் கலிபோர்னியாவின் செக்வோயா தேசியப் பூங்காவுக்கு அவர் தற்காலிகக் கண்காணிப்பாளரானார். ஆண்டுக்கணக்கில் இழுபட்டு வந்த சாலைப் பணியை அவருடைய படையினர் ஒரே கோடையில் முடித்தனர். மாபெரும் மரங்கள் நிறைந்த காட்டுக்குள் முதன்முறையாக வண்டிகள் சென்றன.

அறிவுத்துறையில் யங்கின் பங்களிப்பு 1912-இல் வெளிவந்தது. நாடுகளின், இனங்களின் போர் மனவுறுதியை ஆராயும் நூல் அது. வீரம் இரத்தத்தில் ஊறுவதன்று. சமூக நிலைமையும் பயிற்சியும் தலைமையும் நீதியான நடத்துகையும் அதை உருவாக்குகின்றன என்பதைப் பல மக்களின் போர் வரலாறுகளைக் கொண்டு அதில் நிறுவ முயன்றார். பிறவியிலேயே கோழைகளான இனம் என்று எதுவும் இல்லை என்பதே அதன் சாரம்.

இந்தக் கருத்தின் கனத்தை நாம் எளிதில் உணரலாம். அதே காலத்தில் பிரித்தானிய இந்திய அரசு போர்க்குடிகள் என்றொரு கோட்பாட்டைப் பிடித்துக்கொண்டு, 1890-களில் மகர்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்தியது. தலைமுறைகளாகப் படையில் உழைத்தவர்கள் ஒரே ஆணையில் வீரமற்றவர்கள் ஆக்கப்பட்டனர். ஓய்வுபெற்ற படைவீரரான கோபால் பாபா வலங்கர் அதை எதிர்த்து 1894-இல் மனு வரைந்தார். யங்கும் வலங்கரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். எனினும் இருவரும் மறுத்தது ஒரே பொய்யை.

லைபீரியாவில் இராணுவத் தூதுப் பணியாற்றி அந்நாட்டுப் படையைச் சீரமைத்ததற்காக யங்குக்கு 1916-இல் ஸ்பிங்கார்ன் பதக்கம் வழங்கப்பட்டது. அதே ஆண்டு, பாஞ்சோ வில்லாவைத் தேடி மெக்சிகோவுக்குள் சென்ற படையில் பத்தாம் குதிரைப்படையின் ஒரு பகுதியை வழிநடத்தினார். பாரால் நகரருகே தாக்குதலுக்கு உள்ளான வெள்ளை அதிகாரி ஒருவரின் படையைக் காப்பாற்றியது யங்கின் படைதான். லெப்டினன்ட் கர்னலாகவும் உயர்ந்தார்.

1917-இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. படை பெருகும்; பதவிகள் பெருகும்; யங் ஜெனரலாவது இயல்பாகவே நிகழக்கூடியதாக இருந்தது. அப்போது, கறுப்பரின் கீழ்ப் பணியாற்ற முடியாது என்ற ஒரு வெள்ளை லெப்டினன்டின் முறையீட்டை மிசிசிப்பி செனட்டர் ஒருவர் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சனிடம் கொண்டு சென்றார். வில்சன் அதைப் போர்த்துறைச் செயலரின் கவனத்துக்கு அனுப்பினார். மருத்துவப் பரிசோதனையில் யங்குக்கு உயர் இரத்த அழுத்தமும் சிறுநீரக நோயும் இருப்பது சுட்டிக்காட்டப்பட்டது. 1917 ஜூலை இறுதியில் அவரைக் கர்னலாக உயர்த்தி, கையோடு ஓய்வுபெற்றோர் பட்டியலில் சேர்த்தது இராணுவம்.

யங் தம் உடலையே சான்றாக்கினார். 1918 ஜூனில் வில்பர்ஃபோர்ஸிலிருந்து தலைநகர் வாஷிங்டன்வரை 497 மைல் தொலைவைக் குதிரையேறியும் இடையிடையே நடந்தும் 16 நாட்களில் கடந்தார். அப்போது அவருக்கு வயது 54. ஆயினும் நவம்பர் 6 அன்றுதான் மீண்டும் பணிக்கு அழைக்கப்பட்டார். ஐந்தாம் நாள் போர் முடிந்துவிட்டது.

யங் வெளியேற்றப்பட்ட அதே 1917-இல்தான், கொலம்பியாவிலும் இலண்டனிலும் பயின்று திரும்பிய அண்ணல் அம்பேத்கர் பரோடா அரசில் பணியேற்றார். கடைநிலை ஊழியர்கள் கோப்புகளை அவர் மேசைமீது எறிந்தனர்; தங்கியிருந்த விடுதியிலிருந்து அவர் துரத்தப்பட்டார். இருவருமே படைவீரரின் மைந்தர்கள். இருவரிடமும் குறைந்திருந்தது தகுதியன்று. அவர்களுக்குக் கீழே நிற்க மறுத்தவர்களின் மனமே குறைபட்டிருந்தது.

பிரான்சின் போர்முனைக்கு உடல் தகுதியற்றவர் எனத் தீர்ப்பளித்த அதே அரசு, போர் முடிந்ததும் அவரை மீண்டும் லைபீரியாவுக்கு அனுப்பியது. முன்பு கொடிய காய்ச்சலால் அவரை வீழ்த்திய மண் அது. அங்கே செல்லத் தடுக்காத நோய், வெள்ளையருக்கு ஆணையிடும் பதவிக்கு மட்டுமே தடையானது. 1922 ஜனவரி 8 அன்று, நைஜீரியாவின் லாகோஸ் நகரில் சிறுநீரக நோயால் யங் இறந்தார். மறு ஆண்டு அவர் உடல் தாய்நாடு கொண்டுவரப்பட்டு ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது. பிரிகேடியர் ஜெனரல் பதவி 2022-இல் வெஸ்ட் பாயிண்டில் அவர் பெயருக்குச் சூட்டப்பட்டது, இறந்து நூறு ஆண்டுகள் கழித்து.

யங்கைப் போற்றும்போது அவர் பணியாற்றிய அரசின் தன்மையை நாம் மறைக்க வேண்டியதில்லை. விடுதலைக்காகப் போராடிய பிலிப்பைன்ஸ் மக்களை ஒடுக்கிய போரில் அவரும் இருந்தார். தூதுப் பணியில் அவர் ஆராய்ந்து வரைபடமிட்ட ஹைத்தியை 1915-இல் அமெரிக்கா ஆக்கிரமித்தது. தம் மக்களின் மதிப்பை உயர்த்த அவர் தேர்ந்த பாதை, பிற ஒடுக்கப்பட்ட மக்களின் நிலத்தின் ஊடாகவும் சென்றது. இம்முரணையும் சேர்த்தே அவரை நாம் படிக்க வேண்டும்.

யங்கின் வாழ்க்கை, உழைப்பு வீண் என்று நமக்குச் சொல்லவில்லை. அவர் கற்றார், கற்பித்தார், எழுதினார். அவர் பயிற்றுவித்தவர் அவர் தொடமுடியாத உயரத்தைத் தொட்டார். ஆனால் அளவுகோல் யார் கையில் இருக்கிறது என்னும் கேள்வியைத் தனியொருவரின் திறமையால் தீர்க்க இயலாது என்பதையும் அந்த 497 மைல்கள் காட்டுகின்றன. நேர்காணல் அறையிலும் தேர்வுக் குழுவிலும் தகுதியில்லை என்னும் சொல் நம்மை நோக்கி வரும்போது, நம்மை மெய்ப்பிக்க மீண்டும் ஒரு குதிரையைத் தேடுவதோடு நாம் நின்றுவிடலாகாது. அந்தத் தீர்ப்பை எழுதும் இருக்கைகளில் நம் மக்களுக்குரிய பங்கைக் கோருவதே யங்குக்கு நாம் செலுத்தும் நேர்மையான மரியாதை.