கம்பைலர் ஏன் சும்மா சும்மா பதறுது? 1936-லேயே காரணம் கண்ட ஆலன் டூரிங்

சி மொழியில் லைப்ரரி கோட் எழுதுபவர்களுக்குப் பழகிப்போன தலைவலி இது. கோட் சரியாகத்தான் இருக்கும். கம்பைலர் மட்டும், இந்த வேரியபிளுக்கு மதிப்பு வைக்காமலே பயன்படுத்துகிறீர்களோ என்று எச்சரிக்கும். பெங்களூரு ஆபீஸோ, தம்மம்பட்டி வீட்டிலிருந்து வேலையோ, திரையில் வரும் வரி ஒன்றுதான். கம்பைலர் இன்னும் புத்திசாலியானால் இது நின்றுவிடுமா? நிற்காது. அதற்கான அடிப்படையை நிரூபித்தவர் ஆலன் டூரிங்.

நம்மூர்த் தொடர்பு உள்ளவர்தான். அம்மா எத்தல் சாரா ஸ்டோனி 1881-ல் கோவை பக்கம் போத்தனூரில் பிறந்தவர். தாத்தா மெட்ராஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியாளர். அப்பா ஜூலியஸ், மெட்ராஸ் மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. பெற்றோர் இங்கே இருக்க, 1912 ஜூன் 23-ல் லண்டனில் பிறந்த டூரிங், அண்ணனோடு இங்கிலாந்தில் வேறொரு குடும்பத்தின் பொறுப்பில் வளர்ந்தார்.

கேம்பிரிட்ஜில் இருந்தபோது, 1936-ல், அவர் எழுதிய கட்டுரைதான் நம் கதைக்கு வேர். இன்றைய கம்ப்யூட்டரே அப்போது கிடையாது. காகித நாடாவில் எழுதி அழிக்கும் ஓர் இயந்திரத்தை மனசிலேயே கட்டினார். அவர் வாதத்தை இன்றைய பாஷையில் சொன்னால் இப்படி: எந்த புரோகிராமைக் கொடுத்தாலும், அது முடியுமா, சுற்றிக்கொண்டே இருக்குமா என்று தப்பாமல் சொல்லும் செக்கர் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த செக்கரையே உள்ளே வைத்து, அது சொல்வதற்கு நேர்மாறாக நடக்கும் வீம்பு புரோகிராம் ஒன்றை எழுதிவிடலாம். முடியும் என்றால் சுற்றும், சுற்றும் என்றால் முடியும். செக்கர் எதைச் சொன்னாலும் தப்பு. ஆக, அப்படி ஒரு செக்கர் இருக்கவே முடியாது.

சரி, இதுக்கும் வார்னிங்குக்கும் என்ன சம்பந்தம்? ஒரு வேரியபிள் மதிப்பில்லாமல் அந்த வரிக்கு வந்து சேருமா என்பதும் இதே கேள்விதான், வேஷம் வேறு. 1953-ல் ஹென்றி ரைஸ் இதை இன்னும் விரித்து வெளியிட்டார். அதனால் கம்பைலர் கணிக்கத்தான் முடியும். ஒன்று, இல்லாத தப்புக்குக் கத்தும். இல்லையென்றால், இருக்கும் தப்பை விட்டுவிடும்.

போரில் ஜெர்மனியின் எனிக்மா ரகசியக் குறியீட்டை உடைத்ததில் அவர் பங்கு பலருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாதது 1949-ல் கேம்பிரிட்ஜ் மாநாட்டில் படித்த சிறு கட்டுரை. பெரிய புரோகிராமைச் சரிபார்க்க, இந்த இடத்தில் இது உண்மையாக இருக்க வேண்டும் என்று எழுதியவரே ஆங்காங்கே குறித்துத்தர வேண்டும் என்பது அவர் யோசனை. இன்று சி-யில் அசர்ட் போடுவது கிட்டத்தட்ட இதுவே.

1952-ல் ஓரினச்சேர்க்கைக் குற்றச்சாட்டில் தண்டிக்கப்பட்டு, 1954-ல் 41 வயதில் இறந்தார். அரச மன்னிப்பு வந்தது 2013-ல். சி மொழி பிறந்ததே அவர் போய் 18 வருஷம் கழித்து.

வார்னிங் வாயை மூட வேரியபிளுக்குச் சும்மா ஒரு பூஜ்யம் வைப்பது பலரின் வழக்கம். நாளைக்கு யாராவது கோடை மாற்றி நிஜமாகவே தப்பு நுழைந்தால், அந்தப் பூஜ்யம் அதை மறைத்துவிடும். லினக்ஸில் பெரும்பாலான புரோகிராம்கள் நம்பியிருக்கும் குனு சி லைப்ரரியில் அதற்கு வேறு வழி வைத்திருக்கிறார்கள்: பொய் என்று உறுதியான எச்சரிக்கையை அந்தச் சில வரிகளுக்கு மட்டும் அணைத்து, ஏன் பொய் என்று பக்கத்திலேயே எழுத வேண்டும். அணைக்கும் மேக்ரோவின் பெயரிலேயே, கமெண்ட் தேவை என்று சேர்த்து வைத்திருக்கிறார்கள்.