செம்மண் ஏன் சிவப்பு, கரிசல் ஏன் கறுப்பு? மண்ணுக்கும் ஒரு வரலாறு உண்டு என்று சொன்ன டோக்குச்சாயெவ் யார்?

புதுக்கோட்டை மாவட்டம் ஆவூர் பக்கம் ஒரு கைப்பிடி மண் எடுத்தால் செம்மண். கோவில்பட்டி பக்கம் போனால் கரிசல். ரஷ்யாவின் வரோனேஜ் பகுதியில் தோண்டினாலும் மண் கறுப்புதான். ஆனால் அது நம்ம ஊர் கரிசல் கிடையாது. இரண்டும் கறுப்பாக இருப்பதற்குக் காரணமே வேறு.

ஒரு மண் ஏன் அந்த இடத்தில் அப்படி இருக்கிறது? இன்று பள்ளிப் பாடப் புத்தகத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது. 150 வருடங்களுக்கு முன்பு பெரிய விஞ்ஞானிகளிடமும் தெளிவான பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடிக் கண்டுபிடித்தவர் வசீலி டோக்குச்சாயெவ். மண்ணியல் என்ற தனித் துறையின் தந்தை என்று உலகம் சொல்வது இவரைத்தான்.

பாதிரியார் ஆக வேண்டியவர்

1846 மார்ச் 1. ரஷ்யாவின் ஸ்மொலென்ஸ்க் மாகாணத்தில் மில்யுகோவோ என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பா கிராமத்துப் பாதிரியார். மகனும் அதே வழியில்தான் போக வேண்டும் என்பது வீட்டு வழக்கம். ஸ்மொலென்ஸ்க்கில் இறையியல் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, மேற்படிப்புக்காக 1867-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வந்தார். வந்த சில வாரங்களிலேயே இறையியல் படிப்பை விட்டுவிட்டு, பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல் பக்கம் தாவினார்.

படித்தது நிலவியல். பிறகு அதே பல்கலைக்கழகத்தில் பாறை, கனிமச் சேகரிப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஆரம்பத்தில் அவர் ஆராய்ந்தது ஆற்றுப் பள்ளத்தாக்குகளை. 1875-ல் ரஷ்யாவின் மண் வரைபடம் தயாரிக்கும் வேலைக்கு உதவியாக அழைக்கப்பட்டார். அங்கேதான் அவருடைய திசை மாறியது.

வறட்சி கேட்ட கேள்வி

ரஷ்யாவின் தெற்கே புல்வெளிப் பிரதேசம். குளிர்காலத்தில் கடும் உறைபனி, கோடையில் வறட்டு வெயில். வருட மழை, பனி எல்லாம் சேர்த்து பல இடங்களில் 400 முதல் 550 மி.மீ. தான். புதுக்கோட்டை மாவட்டத்துக்கே சராசரியாக 900 மி.மீ. அளவில் மழை கிடைக்கிறது என்றால் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். ஆனாலும் அந்த வறண்ட பூமிதான் ரஷ்யாவின் நெற்களஞ்சியம், சரியாகச் சொன்னால் கோதுமைக் களஞ்சியம். காரணம், செர்னோசெம். ரஷ்ய மொழியில் கறுப்பு மண் என்று அர்த்தம்.

1873, 1875 இரண்டு வருடமும் வறட்சி. வளமான மண்ணிலேயே விளைச்சல் விழுந்தது. இந்த மண் உண்மையில் என்ன, எப்படி உருவானது என்று கண்டுபிடிக்க ஒரு பொருளாதாரச் சங்கம் 1876-ல் குழு அமைத்தது. களத்துக்குப் போகும் வேலை டோக்குச்சாயெவுக்கு வந்தது.

1877, 1878 என இரண்டு கோடைகள். சுமார் 10,000 கி.மீ. பயணம். போகிற இடமெல்லாம் குழி வெட்டினார். மேலே உள்ள மண்ணை மட்டும் அள்ளி டப்பாவில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பவில்லை. மேலிருந்து கீழ்ப்பாறை வரைக்கும் மண் எப்படி அடுக்கடுக்காக மாறுகிறது என்று குழியின் பக்கச் சுவரைப் பார்த்துக் குறித்தார்.

குழிக்குள் என்ன தெரிந்தது?

மேலே கறுப்பு அடுக்கு. சில இடங்களில் அதன் ஆழம் ஒரு மீட்டர் வரை. புல்லின் வேர்கள் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கும். கீழே போகப் போக நிறம் வெளிறும். அதற்கும் கீழே வெள்ளை நூல் மாதிரியும் உருண்டை உருண்டையாகவும் சுண்ணாம்பு. அடியில் மஞ்சள் நிறத்தில் காற்று கொண்டுவந்து கொட்டிய பொடி மண். சுண்ணாம்பு நிறைந்த மண் அது.

இந்த அமைப்புக்கு என்ன காரணம்? மழை நிறைய பெய்கிற ஊரில் தண்ணீர் சுண்ணாம்பைக் கரைத்து ஆழத்துக்குக் கொண்டுபோய்விடும். இங்கே மழை குறைவு. பனி உருகும் தண்ணீர் சுண்ணாம்பைக் கொஞ்ச தூரம் கீழே இறக்கும், அதோடு காய்ந்துவிடும். சுண்ணாம்பு பாதியிலேயே தங்கிவிடும்.

இன்னொரு பக்கம், வருடா வருடம் புல் செத்து வேரோடு மண்ணில் சேர்கிறது. குளிர்காலத்தில் உறைபனி, கோடையில் வறட்சி. இரண்டு காலத்திலும் மட்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு வேலை ஓடாது. அதனால் மட்கு முழுசாக அழியாமல் சேர்ந்துகொண்டே போகிறது. சுண்ணாம்பும் களியும் அந்த மட்கைப் பிடித்து வைக்கின்றன. ஆயிரக்கணக்கான வருடங்கள் இப்படிப் போனால் கிடைப்பதுதான் செர்னோசெம்.

அதுவரை நிபுணர்கள் சொன்னது வேறு. பழைய கடல் விட்டுப்போன சேறு என்றார்கள் சிலர். சதுப்பு நிலம் காய்ந்து வந்தது என்றார்கள் வேறு சிலர். மண் என்றால் நொறுங்கிய பாறை, அல்லது செடிக்கு உரம் வைக்கிற பாத்திரம், அவ்வளவுதான் என்பது பொதுவான எண்ணம்.

டோக்குச்சாயெவ் இதைத் திருப்பிப் போட்டார். அடிப்பாறை, தட்பவெப்பம், செடி கொடி உயிரினங்கள், நிலத்தின் மேடு பள்ளம், காலம். இந்த ஐந்தும் சேர்ந்து உருவாக்கும் தனி இயற்கைப் பொருள்தான் மண் என்றார். ஒன்று மாறினாலும் மண் மாறும். 1883-ல் வெளிவந்த ரஷ்யச் செர்னோசெம் என்ற நூல் இதை விரிவாக நிறுவியது. அதுவே அவருக்கு முனைவர் பட்டமும் வாங்கிக் கொடுத்தது.

சரி, நம்ம ஊருக்கு இதைப் பொருத்தினால்?

ஆவூரின் செம்மண்ணுக்கு இதே ஐந்து கேள்வியைப் போட்டுப் பார்க்கலாம். அடியில் கருங்கல் வகைப் பாறை. வருடம் முழுக்க வெயில், அதனால் இலை தழை சீக்கிரம் மட்கிக் காணாமல் போகும். மழை வந்தால் மொத்தமாகக் கொட்டும், சுண்ணாம்பை அடித்துக்கொண்டு போகும். மிஞ்சுவது இரும்பு. அது காற்றோடு சேர்ந்து துருப்பிடித்த நிறம்தான் செம்மண்ணின் சிவப்பு.

கோவில்பட்டி கரிசல் வேறு கதை. அதில் மட்கு அதிகம் என்று நினைத்தால் தவறு. பெரும்பாலும் குறைவுதான். அதன் கறுப்புக்குப் பெரிய பங்கு களிமண்ணுக்கும் அதோடு ஒட்டியிருக்கும் பொருட்களுக்கும். ஆனால் தோண்டினால் சுக்கான் கல் வரும். அது சுண்ணாம்பு உருண்டை. அந்த ஒரு விஷயத்தில் ரஷ்யப் புல்வெளிக்கும் கரிசலுக்கும் சொந்தம் உண்டு.

வரிக்கும் மண்ணுக்கும் என்ன சம்பந்தம்?

இந்த ஆராய்ச்சி நூலகத்தோடு நிற்கவில்லை. 1882 முதல் 1886 வரை நிஸ்னி நோவ்கரத் மாகாணத்திலும், 1888 முதல் 1894 வரை பொல்தாவா மாகாணத்திலும் நிலங்களை மதிப்பிட்டுத் தரும் வேலையை டோக்குச்சாயெவ் எடுத்தார். நில வரியை நியாயமாகப் பிரிக்க வேண்டும் என்றால் எந்த மண் எவ்வளவு தரும் என்று தெரிய வேண்டும். யாரோ சொன்ன விளைச்சல் கணக்கை நம்பாமல், மண்ணையே அளந்து மதிப்பெண் போட்டார். அதே காலத்தில் சென்னை மாகாணத்திலும் நிலத்துக்குத் தரம் பிரித்துத்தான் தீர்வை போட்டார்கள். தரம் தவறினால் அடி விழுவது விவசாயி வயிற்றில்தான். அது இரண்டு நாட்டுக்கும் பொது.

அந்தப் பயணங்களில் கூடவே குழி வெட்டிய இளைஞர்கள் பின்னாளில் பெரிய பெயர்கள் ஆனார்கள். உயிர்க்கோளம் பற்றிய ஆய்வுக்குப் பெயர் பெற்ற வெர்னாட்ஸ்கி அவர்களில் ஒருவர். 1889 பாரிஸ் உலகக் கண்காட்சியில் டோக்குச்சாயெவின் மண் சேகரிப்புக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது.

1891: பஞ்சம்

பதக்கம் வந்து இரண்டே வருடத்தில் பேரிடி. 1891-ல் மழை பொய்த்தது. உலகத்திலேயே வளமான மண் என்று பெயரெடுத்த பூமியில் பஞ்சம். பட்டினியும், தொடர்ந்து வந்த காலரா, டைஃபஸ் நோயும் லட்சக்கணக்கானோரைக் கொண்டுபோயின.

மண் கெட்டுப்போனதா? டோக்குச்சாயெவ் பார்த்த கணக்கு வேறு. மண் அப்படியேதான் இருந்தது, தண்ணீர்தான் இல்லை. புல்லை உழுது அழித்தாகிவிட்டது. காட்டை வெட்டியாகிவிட்டது. பனியைப் பிடித்து வைக்க எதுவும் இல்லாததால் காற்று அதை அடித்துப் போகிறது. உருகிய தண்ணீரும் நிலத்தில் இறங்காமல் ஓடை வெட்டிக்கொண்டு ஓடுகிறது. இதை 1892-ல் ஒரு சின்னப் புத்தகமாக எழுதினார். விற்ற பணம் பஞ்சத்தில் தவித்தவர்களுக்குப் போனது.

எழுதியதோடு விடவில்லை. அதே வருடம் அரசின் வனத்துறை மூலமாக ஒரு சோதனைப் பயணக் குழு கிளம்பியது. வரோனேஜ் பக்கம் கமென்னயா ஸ்டெப் என்ற இடத்தில் வயல்களுக்கு நடுவே வரிசை வரிசையாக மரம் வைத்தார்கள். குளம் வெட்டினார்கள். ஓடை அரிப்பைத் தடுத்தார்கள். காற்றைத் தடு, பனியை நிறுத்து, தண்ணீரை இறக்கு. திட்டம் இதுதான். ஏரி, கண்மாய், ஊருணி என்று வாழ்ந்த புதுக்கோட்டைக்காரர்களுக்கு இது புதுசாகவே தோன்றாது.

பலன் வந்தது. அன்று வைத்த மரவரிசைகள் இன்றும் அங்கே நிற்கின்றன.

கடைசி வருடங்கள்

1892 முதல் 1895 வரை, இன்றைய போலந்தில் இருக்கும் ஒரு வேளாண் கல்லூரியின் தலைமைப் பொறுப்பு. 1894-ல் அங்கே மண்ணியலுக்கென்று தனித் துறை தொடங்கப்பட்டது. முதல் பொறுப்பாளர் அவருடைய மாணவர் சிபிர்ட்செவ்.

ஆனால் உடம்பும் மனசும் ஒத்துழைக்கவில்லை. 1897-ல் மனைவி அன்னா இறந்தார். டோக்குச்சாயெவுக்குக் கடுமையான நரம்பு, மனநலப் பாதிப்பு. நடுவில் கொஞ்சம் தேறி காகசஸ் மலைக்குப் போய் வந்தார். வடக்கிலிருந்து தெற்குக்கு மண் பட்டை பட்டையாக மாறுவது போலவே, மலையில் அடிவாரத்திலிருந்து உச்சி வரைக்கும் மாறுகிறது என்று அங்கே காட்டினார். 1900-க்குப் பிறகு நோய் மறுபடியும் முற்றியது. 1903 நவம்பர் 8 அன்று, 57 வயதில் இறந்தார்.

ஏன் இன்றைக்கும் முக்கியம்?

அவர் எழுதியது ரஷ்ய மொழியில். அதனால் உலகம் தாமதமாகத்தான் படித்தது. அவருடைய வழிவந்த கிளிங்காவின் நூல் 1927-ல் ஆங்கிலத்தில் வந்த பிறகுதான் அமெரிக்கா திரும்பிப் பார்த்தது. 1941-ல் ஹான்ஸ் ஜென்னி அந்த ஐந்து காரணிகளைச் சமன்பாடாக எழுதினார்.

சொந்த நாட்டிலேயே அவரைப் பாதி படித்ததும் நடந்தது. 1948-ல் ஸ்டாலின் அரசு 5,000 கி.மீ.க்கு மேல் மரப்பட்டை வைக்கத் திட்டம் போட்டது. பெயர் டோக்குச்சாயெவ் வழி. ஆனால் அந்தந்த இடத்து மண்ணைப் பார்க்காமல் மேலிருந்து வந்த உத்தரவுப்படி நட்டதில் நிறைய கன்றுகள் பட்டுப்போயின. 1953-ல் ஸ்டாலின் இறந்ததோடு திட்டமும் கைவிடப்பட்டது. மரம் வைப்பது நல்லதுதான். எந்த மண்ணில், எந்த மரம் என்ற கேள்வியை விட்டால் எண்ணிக்கை மட்டும்தான் மிஞ்சும்.

தமிழ்நாட்டு வயலிலும் இதைப் பார்க்கலாம். சுண்ணாம்பு அதிகமான நிலத்தில் நிலக்கடலை, கரும்பு இலை வெளுத்துப் போகும். மண்ணில் இரும்புச் சத்து இருக்கும், ஆனால் சுண்ணாம்பு அதைக் கரையவிடாது. செடிக்குக் கிடைக்காது. அங்கே யூரியா மூட்டையைக் கூட்டிக் கொட்டினால் வெளுப்பு போகாது. அன்னபேதிக் கரைசலை இலையில் தெளித்தால் பச்சை திரும்பும். மணிச்சத்துக்கும் துத்தநாகத்துக்கும் இதே பிரச்சினை உண்டு.

சந்தேகம் இருந்தால் சின்னச் சோதனை: காய்ந்த மண்ணில் கொஞ்சம் வினிகர் விட்டுப் பார்க்கலாம். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. நுரைக்காவிட்டால் சுண்ணாம்பே இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம், மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

பக்கத்து வயலுக்குப் போட்ட உரம் இந்த வயலுக்கும் சரியாக இருக்கும் என்று யாராவது சொன்னால், முதலில் ஒரு குழி வெட்டிப் பார்ப்பது நல்லது. டோக்குச்சாயெவ் 10,000 கி.மீ. செய்ததும் அதைத்தான்.